ஏழாவது கரண்டி

எந்த வேலை முடிந்தாலும் ஜெயராஜ் சாமான்களை எண்ணுவார். முடிவெட்டிக்கொண்டு எழுந்தால், கத்திரி இரண்டு, சீப்பு ஒன்று என்று சரிபார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு நகர்வார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு டாக்டரின் தட்டை எண்ணியவர். மகள் ஜெபாவுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் கூத்து.

கார்கில் போரின்போது ஜெயராஜ் விமானப்படையில் மெக்கானிக். இருபது வருஷம் முடித்துச் செவ்வாப்பேட்டைக்குத் திரும்பி, காக்களூரில் ஒரு பட்டறைக்கு சூப்பர்வைசர் ஆனார். ஊரில் பாதிப் பேர் அவர் விமானம் ஓட்டியதாகவே நம்பினார்கள். "எத்தினி குண்டு போட்டீங்கோ?" என்று கேட்டால், "நான் போட்டது நட்டும் போல்ட்டும்தான்" என்பார். அடக்கம் என்று நினைத்து மரியாதையைக் கூட்டினார்கள்.

விமானப்படையில் ஒரு ஸ்பேனர் எண்ணிக்கையில் குறைந்தாலும் விமானம் கிளம்பாது. உள்ளே கிடந்து உருண்டால் விமானியின் உயிருக்கு ஆபத்து. அந்தப் பயம் அவரோடு ஊருக்கு வந்துவிட்டது.

ஜெபாவின் நிச்சயதார்த்தம் சபை மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஆட்கள். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போக ஒரு மணிக்கு வேன் ஏற வேண்டும். பன்னிரண்டேகாலுக்கு பிரியாணி மாஸ்டர் பென்னி அண்டாவைத் திறந்தான். ஜெயராஜ் குறுக்கே வந்து நின்றார்.

"காத்தால எத்தினி கரண்டி எறக்கினே?"

"ஏழுண்ணா."

"ஆறுதான் கீது. ஒண்ணு உள்ள பூட்ச்சி. எலையப் போட்டு எல்லாத்தியும் கொட்டு."

"பிரியாணிண்ணா இது. ஏரோப்ளேன் இல்ல."

"வேல தெரியாதவனுக்கு வாய் மட்டும் நீளுது பாரு" என்றார் ஜெயராஜ், நூற்றைம்பது பேர் கேட்க.

கொட்டினார்கள். எலும்பு வந்தது, முட்டை வந்தது, கரண்டி வரவில்லை. "இன்னொரு வாட்டி பாக்கலாம்" என்றார். மாப்பிள்ளையின் அப்பா பீட்டர் செருப்பை மாட்டினார். "இன்னா சம்மந்தி, பேஜாரா கீது. நாங்க கெளம்பவா?"

அவர்கள் பட்டினியாக வேன் ஏறினால் இந்தச் சம்பந்தமும் கூடவே ஏறிப் போய்விடும். ஜெபா மேடையிலிருந்து இறங்கினாள். கெஞ்சினால் அப்பா மசிய மாட்டார், கையெழுத்துக்குத்தான் கட்டுப்படுவார். தேடியும் கிடைக்காத கருவிக்கு ஓர் அதிகாரி பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விமானம் கிளம்பலாம் என்று அவரே நூறு முறை சொல்லியிருக்கிறார். அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதினாள்:

"கரண்டி ஒன்று காணவில்லை. முழுதும் தேடப்பட்டது. பிரியாணி புறப்படலாம். பொறுப்பு: ஜெபா, பி.காம்."

ஜெயராஜ் இரண்டு முறை படித்தார். குதிகாலைச் சேர்த்து மகளுக்கு சல்யூட் அடித்தார். ஓடுபாதையில் விமானத்துக்கு வழி காட்டுவதுபோல் பந்தியை நோக்கி இரண்டு கையையும் வீசினார். ஒரு மணிக்கு பீட்டர் ஏப்பத்தோடு வேன் ஏறினார்.

அடுத்த வாரம் நிச்சயதார்த்த வீடியோ வந்தது. காலை பத்தே முக்காலுக்கு ஜெயராஜே பென்னியின் கரண்டி ஒன்றை எடுத்துப்போய்க் கேசரி கிளறும் பெண்களிடம் கொடுக்கிறார். வீடே பார்த்தது. பென்னியும் பார்த்தான். ஜெயராஜ் அவனிடம் பணத்தை நீட்டினார்.

"டப்பு வேணாண்ணா. அத்தினி பேரு எதிர்ல திட்டினீங்கோ. அவங்க எதிர்லயே ஒரு சாரி, அவ்ளோதான்."

"கல்யாணத்துல மைக்ல சொல்றேன்டா."

கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தவர் கார்கில் குளிரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். போன மாதம் ஜெபாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பென்னி மைக் செட்டுக்குப் பக்கத்திலேயே அடுப்பைப் போட்டுக் காத்திருந்தான். ஜெயராஜ் அன்று மைக்கைத் தொடவே இல்லை.