எந்தச் சரி?

செவித்திறன் சோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "சரி மேடம்." யார் எதைச் சொன்னாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்த ஒரு சொல்தான். வீட்டில் இது பழைய செய்தி. "பொறந்ததும் எல்லாப் பிள்ளையும் அழும். இது சரின்னு சொல்லிட்டுத்தான் கண்ணையே திறந்துச்சு" என்று அவளுடைய அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். அவள் சொல்லும் சரிகளில் பாதி சம்மதமே அல்ல. 'நீங்க பேசுறது காதுல விழுது, மேல சொல்லுங்க' என்பதுதான் பொருள். நாமும் அப்படிச் சொல்கிறவர்கள்தான். ஆனால் நமக்கு அது ஒரு 'ம்' அளவில் முடிந்துவிடும். இவளுக்கோ முழுச் சொல்லாக, தெளிவாக, பணிவாக வந்து விழும். எதிரே இருப்பவர் காரியம் முடிந்தது என்று போனை வைத்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் அவள் பார்க்கும் வேலை என்ன தெரியுமா? ஒலி புகாத கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, "சத்தம் கேட்டா மட்டும் பட்டனை அழுத்துங்க. கேக்காம அழுத்தாதீங்க" என்று சொல்வது. பலர் மரியாதைக்கு அழுத்துவார்கள். இவ்வளவு தூரம் கூப்பிட்டு உட்காரவைத்த பெண்ணை எதற்கு ஏமாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணம். வாரத்தில் மூன்று மாலை அவளுக்கு முதுகலை வகுப்பு. அதற்கு எழுதிய ஆய்வேடும் இதைப் பற்றித்தான்: காது மந்தமானவர்கள் கேட்டதுபோல் தலையாட்டுவது ஏன் என்று எண்பத்திரண்டு பேரைப் பேட்டி கண்டு எழுதியிருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

இவற்றுக்கு நடுவே கல்யாணம். மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஒரு மாலை கல்லூரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றபோது உள்ளே இருந்தவள் இவள். கதவு இடுக்கு வழியாக "பயப்படாதீங்க, இருபது நிமிஷம் ஆகும்" என்றார் அவர். "சரி" என்றாள். லிஃப்டில் மாட்டிக்கொண்டு சரி என்று சொன்ன ஆளைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லையாம். எட்டு மாதம் கழித்து, கல்லூரி கேன்டீனில் அவள் மடிக்கணினியில் அட்டவணை போட்டுக்கொண்டிருக்கும்போது, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டார். "சரி" என்றாள். அட்டவணையில் இன்னும் இரண்டு வரி நிரப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

வினை ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. காலையில் பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும்போது பேராசிரியை போன் செய்தார். "வெளியிலிருந்து வர்ற தேர்வாளர் பதினாலாம் தேதி மட்டும்தான் ஃப்ரீயாம்மா. பதினோரு மணிக்கு உன் வாய்மொழித் தேர்வை வச்சிருக்கேன். அவரை விட்டா இனி ஆறு மாசம்." "சரி மேடம்." மதியம் நிலைய மேலாளர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமல், "பதினாலாம் தேதி தொழிற்சாலையில காது பரிசோதனை கேம்ப். நீங்க போறீங்க" என்றார். "சரி சார்." மாலையில், ஒரு காதில் ஹெட்போனோடு இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வருங்கால மாமியார். "மண்டபம் பதினாலாம் தேதிக்குக் கெடைச்சிருச்சும்மா. பதிவு ஆபீஸ்லயும் அன்னைக்கே சொல்லிட்டேன். வச்சுக்கலாம்ல?" "சரி அத்தை."

மூன்று சரியும் தனித்தனியே நல்ல சரிகள். வீட்டுக்கு வந்து பார்த்தால், சமையலறை நாட்காட்டியில் பதினாலைச் சுற்றி அம்மா சிவப்பு மையால் வட்டம் போட்டு 'கல்யாணம்' என்று எழுதியிருந்தாள். தேர்வைத் தள்ளிப்போடவும் வழியில்லை. வேலை உத்தரவில், ஆறு மாதத்துக்குள் பட்டம் வாங்கினால்தான் வேலை நிரந்தரம் என்று தெளிவாக எழுதியிருந்தது. அதில் நாலு மாதம் ஏற்கெனவே ஓடிவிட்டது.

வேறு யாராவது என்றால் உடனே இரண்டு போன் போட்டிருப்பார்கள். இவள் அட்டவணை போட்டாள். கேம்ப் ஏழரை முதல் பத்து. தேர்வு பதினொன்று முதல் ஒன்று. ஆட்டோவில் புடவை மாற்ற முடியாது என்பதால் கல்யாணப் புடவையிலேயே தேர்வு. மூன்று மணிக்குக் கையெழுத்து. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தாள்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த காபிக் கடையில் அதை மாப்பிள்ளையிடம் காட்டினாள். அவர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"லிஃப்ட்ல அளவுக்கு மேல ஆள் ஏறினா என்ன ஆகும் தெரியுமா?"

"அறுந்து விழுமா?"

"அதெல்லாம் விழாது. நின்ன எடத்துலயே நின்னுக்கிட்டு கத்தும். யாராவது ஒருத்தர் இறங்குற வரைக்கும்."

"யாரை இறக்கச் சொல்றீங்க? எல்லார்கிட்டயும் சரின்னு சொல்லிட்டேனே."

அவர் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கிரீஸ் ஏறிய விரல்கள். "ஒண்ணு கேக்கட்டுமா? கேன்டீன்ல என்கிட்ட ஒரு சரி சொன்னியே. அது எந்தச் சரி? காதுல விழுதுங்கிற சரியா, சம்மதங்கிற சரியா?"

வேறு பெண்ணாக இருந்தால் கோபித்திருப்பாள். அவளால் கோபிக்க முடியவில்லை. ஏனென்றால், அந்த நேரத்தில் அட்டவணையில் நிரப்பிய இரண்டு வரிகளும் அவளுக்கு நினைவிருந்தன. அவர் முகம் நினைவில் இல்லை.

"பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "அன்னைக்கு அது எதுன்னு எனக்கே தெரியலை."

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து போனார். அது எந்தச் சரி என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் மருந்தைத் தானே குடித்தால் எவ்வளவு கசக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வியாழக்கிழமை சோதனை அறை காலியாக இருந்தது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெடி வைத்தாலும் வெளியே கேட்காத அறை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "முடியாது" என்று சொல்லிப் பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. இன்னொரு முறை. "முடியாது. என்னால முடியாது சார். முடியாதுன்னா முடியாதுதான்." நாலாவது முறை கொஞ்சம் மிடுக்காகவே வந்தது.

உள்ளே இருப்பவர் பேசுவது வெளியே கேட்பதற்கென்று அந்த அறையில் ஒரு மைக் உண்டு. அதைத் தினமும் திறந்து வைப்பவளும் அவள்தான். கண்ணாடிக்கு வெளியே, எப்போது வந்தாரோ, மேலாளர் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்.

"யாருக்கும்மா முடியாது?" என்று ஒலிபெருக்கி கேட்டது.

தப்பிக்க வழியே இல்லை. அதனால்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன். "உங்களுக்குத்தான் சார். பதினாலாம் தேதி எனக்குத் தேர்வு இருக்கு. கேம்ப்புக்குப் போக முடியாது."

"இதை செவ்வாய்க்கிழமையே சொல்லியிருந்தா அப்பவே வேற ஆளைப் போட்டிருப்பேனே" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாமியார் அவ்வளவு எளிதில்லை. "அத்தை, பதினாலு வேண்டாம். என்னால முடியாது" என்று போனில் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அன்னைக்கு சரின்னு சொன்னியேம்மா. அதை நம்பி எங்க ஆளுங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"அது நீங்க சொன்னது கேட்டுச்சுன்னு சொன்ன சரி அத்தை. தப்பு என்னோடதுதான். தேர்வு முடிஞ்சதும் எந்த நாளானாலும் வர்றேன். உங்க ஆளுங்களுக்கெல்லாம் நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"அதெல்லாம் வேண்டாம். நீ போன் பண்ணினா அவங்க சொல்றதுக்கெல்லாம் சரி சரின்னு சொல்லி இன்னும் நாலு தேதி குறிச்சிருவ." பெருமூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் கொஞ்சம் சிரிப்பும் இருந்ததாக அவளுக்குப் பட்டது. "இனிமே உன்கிட்ட எதையும் ரெண்டு தடவை கேக்கணும் போல."

வாக்கு மாறாத மனுஷி. புடவை நிறத்தை இரண்டு தடவை கேட்டார். சாப்பாட்டுப் பட்டியலை இரண்டு தடவை வாசித்தார். தேதி இருபத்தெட்டு என்று மாறியதை இரண்டு நாள் தொடர்ந்து கேட்டார். இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் தனக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கே தெரிந்தது. கத்தரிப்பூ நிறம் அவளுக்குப் பிடிக்காது என்று இருபத்தாறு வயதில் கண்டுபிடித்தாள்.

மாப்பிள்ளையும் தினமும் பேசினார். சாப்பிட்டாயா, படித்தாயா என்றெல்லாம் கேட்டார். எந்தச் சரி என்ற அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

பதினாலாம் தேதி தேர்வாளர் இரண்டு மணி நேரம் துருவி எடுத்தார். "கேட்காமலேயே தலையாட்டுபவர்களிடம் பட்டன் கொடுத்து என்ன பயன்?" என்று கடைசியாகக் கேட்டார். "இன்னொரு தடவை கேக்கணும் சார். அவசரப்படுத்தாம கேக்கணும்" என்றாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில். அவர் குறித்துக்கொண்டார். தேறிவிட்டாள். தாழ்வாரத்திலிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"பாஸ். அப்புறம், நீங்க கேட்டதுக்குப் பதில் இருக்கு."

"சொல்லு."

"போன்ல மாட்டேன். இருபத்தெட்டு அன்னைக்கு."

பதிவு அலுவலகம் ஒரு வங்கிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இருந்தும் மாப்பிள்ளை அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு எல்லாரையும் படியில் நடத்தினார். அதிகாரி கண்ணாடியை மூக்கில் இறக்கி, முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார். "சம்மதம்" என்றார், நேராக. அடுத்து அவள் பக்கம் திரும்பினார். "இவரைத் திருமணம் செய்துகொள்ள உங்களுக்குச் சம்மதமா?"

இருபத்தாறு வருடப் பழக்கம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அம்மா கைக்குட்டையைச் சுருட்டினாள்.

பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது. "இன்னொரு தடவை கேளுங்க சார். இவளை ரெண்டு தடவை கேக்கணும்."

"வேண்டாம் சார், முதல் தடவையே கேட்டுச்சு" என்றாள் அவள். கையெழுத்துப் புத்தகத்தையோ அதிகாரியையோ பார்க்காமல், மாப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தாள். கேன்டீனில் பார்க்காமல் விட்ட முகம். மீசை ஓரம் மூன்று நாலு முடி நரைத்திருந்தது. கண் கலங்கியிருந்தது.

"சம்மதம்."

"சரி" என்றார் மாப்பிள்ளை.