பனியன் துணிச் சுவரு வெச்ச வண்டி

எவனாவது வேனுக்குள்ள சீரியல் லைட்டு மாட்டி, மலை உச்சில உக்காந்து காபி குடிச்சுட்டு ரீல்ஸ் போட்டா போதும், 'செம்ம லைஃப்டி'ன்னு என் ஹாஸ்டல் குரூப்ல வந்து விழும். நானும் ஒரு ஹார்ட்டு போட்டுட்டு ஃபோனக் கவுத்து வெச்சுருவேன். நான் மூணாவது படிக்கும்போதே எங்ககிட்ட அந்த மாதிரி வண்டி இருந்துச்சு. கூரை மேல தூக்குற வண்டி. ஸ்கூல்ல நான் அடிச்ச பந்தாவுக்கு அளவே இல்ல.

வண்டின்னதும் பெருசா யோசிக்க வேணாம். குட்டியானைன்னு சொல்ற சின்ன லோடு வண்டிதான். அப்பா கட்டிங் மாஸ்டரா இருந்த பனியன் கம்பெனில துணி ரோலு சுமந்து சுமந்து ஓஞ்சு போயி, ஓரமா நின்னுட்டு இருந்துச்சு. அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதும் ஓனர் சாவியத் தூக்கிக் குடுத்துட்டாரு. "எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர். இங்க நின்னா எலிதானுங்க குடும்பம் நடத்தும்."

எதுக்கு வண்டின்னா, அம்மாவுக்காக. அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போயிருச்சு. வயித்துல ஒரு டியூப் வெச்சிருந்தாங்க. நாளைக்கு நாலு தடவ, உள்ள இருக்குற பழைய தண்ணிய கீழ ஒரு பையில வடிச்சுட்டு, புதுசா ரெண்டு லிட்டரு மருந்துத் தண்ணிய மேல மாட்டி உள்ள எறக்கணும். ஒவ்வொரு தடவையும் முக்கா மணி நேரம். கதவு சாத்தணும், ஃபேன் நிக்கணும், முகத்துல மாஸ்க், கைய அப்படி ஒரு தேய்ப்பு. தூசி பட்டா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. அதனால ரெண்டு வருசமா அம்மா ஆஸ்பத்திரியத் தவுர எங்கயும் போகல. அதே கம்பெனில ஓவர்லாக் தையல் மிசின்ல உக்காந்து லைன்ல தைக்கிற எல்லாரையும் சிரிக்க வெச்சுட்டு இருந்த பொம்பள, ஒரே ரூமுக்குள்ள.

அந்த ரூமுக்குப் பாக்க வர்றவங்க எல்லாம் ஆப்பிளோட வந்து, தலையச் சாச்சு, 'இப்பப் பரவால்லையா?'ன்னு கேப்பாங்க. ஒரு நாள் அப்பாகிட்ட அம்மா சொன்னா: "ஏங்க, என்னைய யாருன்னே தெரியாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு நாலு நாளு ஒருத்தரும் பரவால்லையான்னு கேக்கக் கூடாது."

அவ்வளவுதான். அப்பா அளவு டேப்ப எடுத்துட்டாரு.

மருந்துப் பை தானா எறங்கணும்னா உக்காந்திருக்குற ஆளோட தோளுக்கு மேல தொங்கணும். குட்டியானைக்கு மேல நெரந்தரமா உயரமாக் கூரை போட்டா காத்துல ஆடும். அதனால நிறுத்துற எடத்துல மட்டும் மேல எழும்புற கூரை. காரு டிக்கி தெறக்கும்போது தூக்கிவிடுமே, அந்த ராடு நாலு வாங்கி பல்லடம் ரோட்டு லேத்துக்கார அண்ணன்கிட்ட குடுத்து மாட்டுனாரு. மேல ஒரு சோலார் தகடு, சீட்டுக்குக் கீழ பேட்டரி. மருந்துப் பை ஜில்லுன்னு இருந்தா அம்மாவுக்கு வயிறு இழுத்துப் புடிக்கும். அதுக்கு தெர்மாகோல் பெட்டிக்குள்ள ஒரு குண்டு பல்பு. கை கழுவுற குழாய கையால தொடக் கூடாதுன்னு, பழைய தையல் மிசின் பெடல மாட்டி, கால்ல மிதிச்சா தண்ணி வர்ற மாதிரி பண்ணுனாரு. நான் அதுல மிதிச்சு மிதிச்சே ஒரு டிரம்மு தண்ணியக் காலி பண்ணி அடி வாங்குனேன்.

கூரை எழும்பும்போது சுத்தி வர்ற நாலு சுவரும் துணிதான். அங்கதான் எங்க அப்பா திருப்பூர்க்காரருன்னு காட்டுனாரு. பனியனுக்குப் போடுற பின்னல் துணியவே ரெண்டு அடுக்கா வெட்டித் தெச்சாரு. பாக்க வந்த ஓனர் ஒரு சுத்து சுத்தி வந்தாரு.

"ஏனுங்க மாஸ்டர், மழ வந்தா ஒழுகாதுங்களா? டார்பாலின் போட்ருங்க."

"டார்பாலின் வெயில்ல வேகும் முதலாளி. அந்த வாடைக்கு அவளுக்குக் கொமட்டும். இதுன்னா காத்து வரும், மடிச்சாலும் சுருக்கம் விழாது. தண்ணி நிக்காத மருந்து போட்டுத்தான் வாங்கியிருக்கேன்."

கட்டில்ல படுத்திருந்த அம்மா உள்ள இருந்தே கத்துனா: "அவருக்குத் தெரிஞ்சது பனியன் ஒண்ணுதான் முதலாளி. டயருக்குக் கழுத்துப்பட்டி வெச்சுத் தைக்காம விட்டாரேன்னு சந்தோசப்படுங்க."

ஓனரு சிரிச்சாரு. "அம்மிணி பேச்சுல ஒரு கொறையுமில்ல." பரவால்லையான்னு அவரு கேக்கல. அதுக்காகவே அம்மாவுக்கு அவரப் புடிக்கும்.

இன்னொண்ணு சொல்லணும். தெனமும் காலைல முதல் பை வடிஞ்சதும், அப்பா கீழ நியூஸ்பேப்பர விரிச்சு, அது மேல அந்தப் பைய வெப்பாரு. "படி"ம்பாரு. பைக்குள்ள இருக்குற தண்ணி வழியாத் தெரியிற எழுத்த நான் சத்தமா வாசிக்கணும். வாசிச்சு முடிச்சா அப்பா மூஞ்சி தெளிஞ்சுரும். எதுக்குன்னு யாரும் சொல்லல. நான் இங்கிலீஷ் மீடியம், தமிழ் கொஞ்சம் தகராறு. எனக்குத்தான் வாசிப்பு சொல்லித் தர்றாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

கிளம்புனோம். அவிநாசிபாளையம் தாண்டுனதும் அம்மா கண்ணாடிய எறக்கி மொகத்த வெளிய நீட்டிக்கிட்டா. தாராபுரத்துல ஒரு ஓட்டல்ல அவ சாப்பிடக் கூடாத வடைய பாதி தின்னா. அப்பா பாக்காத மாதிரி சாம்பார் வாளிய மொறச்சுட்டு இருந்தாரு. தாராபுரம் தாண்டி, ஓனரோட சொந்தக்காரங்க தென்னந்தோப்பு ஒண்ணு. கரண்ட் கம்பியே இல்ல. கூரைய எழுப்பி ஜமக்காளம் விரிச்சதும், பக்கத்துக் காட்டுல ஆடு மேய்க்கிற அக்கா ஒண்ணு வந்து எட்டிப் பாத்துட்டு, "சர்க்கஸுங்களா?"ன்னு கேட்டுச்சு. அம்மா, "ஆமா, நாந்தான் சிங்கம்"ன்னா. அந்த மாதிரி அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல.

அன்னிக்கு சாயங்காலம் மழ. சும்மா தூறல் இல்ல, ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. அம்மாவுக்கு பை மாத்துற நேரம். நானும் மாஸ்க் போட்டுக்கிட்டு மூலைல உக்காந்துட்டேன். துணியில தண்ணி நிக்கலதான். ஆனா அப்பா தெச்சாரே தையலு, அந்த ஊசி ஓட்டை ஒவ்வொண்ணுலயும் முத்து முத்தா உள்ள எறங்குச்சு. நனைய நனைய சுவரு நீண்டுச்சு. தொவச்ச பனியன் கொடில தொங்குமே, அதே மாதிரி வயிறு தள்ளிக்கிட்டு அம்மா தலைக்கு மேல வந்துருச்சு. அப்பா வெளிய ஓடி, ரெண்டு கையாலயும் துணியத் தூக்கிப் புடிச்சாரு. முக்கா மணி நேரம் அந்த மழைல, கைய எறக்காம. எனக்குத் துணி வழியா அவரோட பத்து வெரலும் தெரிஞ்சுச்சு.

"ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. நீங்க ஆடாம நில்லுங்க."

டியூப மாட்டுற அந்த ஒரு செகண்டுல அம்மா கை நின்னுச்சு. சொட்டு எங்க விழுந்துச்சுன்னு நான் பாக்கல. அவ மேல பாத்தா, கீழ பாத்தா, அப்புறம் மாட்டிட்டா.

அடுத்த நாளு ஒரே வெயிலு. சுவரு காஞ்சு பழைய அளவுக்கு வந்துருச்சு. அப்பா மெழுகுவத்திய உருக்கித் தையல் மேல எல்லாம் தேச்சாரு. மூணாம் நாளு பழனி வழியாக் கொடைக்கானலு. நான் ஸ்வெட்டர ராத்திரியே போட்டுக்கிட்டுப் படுத்தவ.

அந்தக் காலைல அப்பா வெளிய டயருக்குக் காத்து பாத்துட்டு இருந்தாரு. பேப்பர் மேல பைய வெச்சா, எழுத்தக் காணோம். அரிசி கழுவுன தண்ணி மாதிரி ஒரே வெள்ள.

"அம்மா, தெரியல."

அம்மா ரொம்ப நேரம் அந்தப் பையையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் என் காதுகிட்ட வந்து, "ஏட்டி, கொடைக்கானல் பாக்கணுமா வேண்டாமா?"ன்னா.

"பாக்கணும்."

"அப்ப ஏதாவது ஒண்ணு சத்தமாப் படி. நாளைக்கு அப்பாகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

எனக்குக் குஷி. டீச்சரே காப்பியடிக்கச் சொன்ன மாதிரி. தொண்டையச் செருமிட்டு வாசிச்சேன்: "மலைப் பகுதியில் நல்ல மழை. பொதுமக்கள் மகிழ்ச்சி." வெளிய இருந்து அப்பா, "சூப்பர்டா கண்ணு"ன்னாரு. அம்மா வாயப் பொத்திச் சிரிச்சா. பைய அவளே தூக்கிட்டுப் போயி ஊத்திட்டு வந்தா. அன்னிக்கு மிச்சப் பையையும் அப்பா கைல குடுக்காம அவளேதான் ஊத்துனா.

கொடைக்கானல் பாத்தோம். வண்டி மூச்சு வாங்கி ஏறுச்சு. ஒரு பைன் மரத் தோப்புப் பக்கம் கூரைய எழுப்பி, மூணு பேரும் ஒரே கம்பளிக்குள்ள உக்காந்து சுட்ட சோளம் தின்னோம். பனி வந்து எல்லாத்தையும் மூடுச்சு. அம்மா ஒடம்பு அப்பவே கொதிச்சுச்சு. நான் அவமேல ஒட்டிக்கிட்டு, நல்லா கதகதன்னு இருக்குன்னு சொன்னேன்.

மறுநாள் காலைல வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சுருண்டுட்டா. அப்பா எங்கயும் நிறுத்தாம கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டுனாரு. தொத்து வயிறு பூராவும் பரவிருச்சு. டியூப எடுத்துட்டாங்க, திரும்ப வெக்க முடியலன்னுட்டாங்க. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரி மிசின். அதுக்கப்புறம் அதுவும் தேவப்படல.

ஆனா எனக்கு அந்த ஆஸ்பத்திரில முதல் நாளுதான் ஞாபகத்துல நிக்குது. டாக்டரு அம்மா கட்டில்கிட்ட நின்னு அப்பாகிட்ட கேட்டாரு: "பை எப்பருந்து கலங்கலா இருக்கு? ஒரு நாள் முன்னாடி வந்திருந்தாக் கூட டியூபக் காப்பாத்திருக்கலாம்."

"இன்னிக்குத்தான் சார். நேத்துகூடப் பாப்பா பேப்பர் படிச்சாளே. நல்லாத் தெரிஞ்சுச்சு." அப்பா என்னைய முன்னாடி தள்ளுனாரு. "சாருக்குச் சொல்லு கண்ணு."

நான் நிமிந்து நின்னு, ஒரு எழுத்து தப்பாம ஒப்பிச்சேன். மலைப் பகுதியில் நல்ல மழை. பொதுமக்கள் மகிழ்ச்சி.

அப்பா என் தலையத் தடவுனாரு. அப்புறம் பெஞ்சுல உக்காந்து, "டார்பாலின் போட்டிருக்கணும் சார், துணியப் போட்டுட்டேன், துணியப் போட்டுட்டேன்"ன்னு அழ ஆரம்பிச்சாரு. டாக்டருக்கு ஒண்ணும் வெளங்கல. இன்னிக்கு வரைக்கும் அப்பா அந்தத் துணியத்தான் சொல்லிட்டு இருக்காரு. நானும் மாத்திச் சொல்லல.

நான் அம்மாவத் திரும்பிப் பாத்தேன். மாட்டிக்காம சொல்லிட்டேன்ல, கண்ணடிப்பான்னு நெனச்சேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. எம்மேல ஏன் கோவிச்சுக்கிட்டான்னு, வீடு வர்ற வரைக்கும் யோசிச்சுட்டே வந்தேன்.