லூசிமாராவின் எழுபது நாட்கள்

"எத்தனை?" என்று கேட்டுக்கொண்டேதான் லூசிமாரா என் அலுவலகக் கதவைத் திறப்பாள். அந்த வருடம் முழுக்க அவளிடமிருந்து எனக்கு வேறு காலை வணக்கம் கிடைக்கவில்லை. நான் இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்துப் பார்த்து, "முப்பத்தெட்டு" என்பேன். சாணம் அப்பிய பூட்ஸோடு உள்ளே வரமாட்டாள். வாசற்படியில் நின்றபடியே இடுப்பை வளைத்து, என் மேசையிலிருக்கும் கோப்பையை எடுத்து, என் தேநீரில் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போய்விடுவாள். தனக்கென்று ஒரு கோப்பை வைத்துக்கொள்ளச் சொன்னால், "உன் டீதான் ருசியா இருக்கு நோரீன், நான் போட்டா அது வெறும் வெந்நீர்" என்பாள்.

புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அவள் ஏதோ வைக்கோல் கட்டுகளைப் பற்றிக் கேட்கிறாள் என்றே நினைத்தார்கள். அவள் கேட்டது, அந்த ஒரு வருடத்தில் தான் அயர்லாந்துக்கு வெளியே இருந்த நாட்களை.

கர்ரா புல்வெளியின் ஓரத்தில் பார்ட்லி கெனீலியின் பந்தயக் குதிரை லாயம் இருக்கிறது. அங்கே நான் காகித வேலைகளைப் பார்க்கிறேன். லூசிமாரா குதிரைகளோடு பயணம் போகிறவள். பிரான்ஸோ, இங்கிலாந்தோ, துபாயோ, குதிரை எங்கே ஓடப்போகிறதோ அங்கே அதைக் கூட்டிப்போய், தீனி வைத்து, ஓட்டம் முடிந்ததும் பத்திரமாக வீடு சேர்ப்பது அவள் வேலை. பிரேசிலின் கோயாஸ் பக்கத்திலிருந்து வந்தவள். நாற்பத்து மூன்று வயது. ஐந்தடிக்கும் குறைவு. குதிரையின் கால்களைத் தடவிப் பார்க்கும்போது கண்களை மூடிக்கொள்வாள். திறந்திருந்தால் வீக்கம் இல்லாத இடத்திலும் வீக்கம் தெரியுமாம். குதிரைகளிடம் போர்ச்சுக்கீசு பேசுவாள். மனிதர்களைத் திட்டுவது மட்டும் இந்த வட்டாரத்தின் சுத்தமான கில்டேர் பேச்சில். வெள்ளிக்கிழமை தோறும் அவள் கொண்டுவரும் சீஸ் உருண்டைகள் ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்; அவற்றில் பாதி டின்னி ஹோபனின் வயிற்றுக்குள் போயிருக்கும். டின்னிக்கு அறுபதை நெருங்கும் வயது. அவளைப் போலவே குதிரைகளோடு பயணம் போகிறவர். அவளைச் சீண்டுவதற்கென்றே பிறந்தவர்.

இந்த நாட்டில் பதினொரு வருடம் வாழ்ந்து, நிரந்தரமாகத் தங்கும் உரிமையும் வாங்கிய பிறகு, குடியுரிமைக்கு விண்ணப்பித்தாள். டிசம்பரில் பதில் வந்தது. இல்லை என்று. விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரு வருடம் இங்கேயே இருந்திருக்க வேண்டும். எழுபது நாள்வரை வெளியே போய்வரலாம். வேலை போன்ற தக்க காரணத்தைக் காட்டினால் இன்னொரு முப்பது. லூசிமாரா வெளியே இருந்தது நூற்றுப் பதினான்கு. துபாயில் கழித்த குளிர்காலம் மட்டுமே அதில் நாற்பத்தைந்து.

குடியுரிமை அலுவலகத்தோடு தொலைபேசியில் அவளுக்காக நான்தான் பேசினேன். முதலாளி இந்த ஊர்க்காரர், குதிரை இந்த ஊர்க் குதிரை, வரி கட்டுவதும் இங்கேதான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பது கேள்வியல்ல, ஆள் எந்த மண்ணில் நின்றாள் என்பதுதான் கேள்வி என்று தன்மையாகவே சொன்னாள்.

பந்தயக் குதிரைகளுக்கும் பாஸ்போர்ட் உண்டு. டின்னி லாயத்தின் நடுவில் நின்றுகொண்டு, மோர்ட்டி என்ற குதிரையைக் காட்டி, "இந்த மோர்ட்டிக்குப் பொறந்த மாசமே பாஸ்போர்ட் குடுத்துட்டாங்க. நீ நாலு காலோட பொறந்திருக்கணும் லூசி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தீவன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவளுக்கு ஒரு மகள், ஜனாய்னா. நான்கு வயதில் இங்கே வந்தவள். அப்போது பதினைந்து முடிந்திருந்தது. தாய் குடிமகளாகிவிட்டால், பதினெட்டு நிறைவதற்குள் மகளுக்கும் தாயே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு தாண்டிவிட்டால் அவள் தனி ஆளாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு விண்ணப்பம் முடிவாக ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். ஆகவே புதிதாக ஒரு வருடத்தை இங்கேயே கழித்து, அடுத்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பித்தே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் நானும் அவளும் அந்த நோட்டைத் தொடங்கினோம்.

துபாய்ப் பயணத்தை டின்னிக்குக் கொடுத்துவிட்டாள். பிரான்ஸுக்குப் போனால் நான்கு நாட்கள் ஆகும். மூன்றாக்க முடியுமா என்று கப்பல் நேரங்களை வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நின்றாள். ஆகஸ்ட் கடைசியில் கணக்கு ஐம்பத்திரண்டு. எங்கள் இருவருக்கும் மூச்சு சீராகியிருந்தது.

அப்போதுதான் மோர்ட்டி பெரிய பந்தயம் ஒன்றை ஜெயித்தான். குதிரையின் சொந்தக்காரர்கள் மெல்போர்னுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்கள். மோர்ட்டி அவள் வளர்த்த குதிரை. காதைத் தொட்டால் கடிக்க வருகிறவனை இரண்டு வருடம் பேசிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தவள். அவள் போவாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நோய் பரவாமலிருக்கக் குதிரைகளைத் தனியே வைத்திருக்கும் முகாம் இங்கிலாந்தில் ஒன்று, அங்கே போய் இன்னொன்று, பிறகு பந்தயம், எல்லாம் சேர்த்து ஐம்பது நாட்கள்.

அன்று முதல்முறையாக லூசிமாரா பூட்ஸோடு என் அறைக்குள் வந்தாள். எத்தனை என்று கேட்கவில்லை. நான் எழுதிவைத்திருந்ததைத் தானே பார்த்தாள். நூற்றிரண்டு.

பார்ட்லி நல்ல மனிதர். அவளுக்காகக் கடிதமே எழுதித் தருவதாகச் சொன்னார். அவள் தயங்குவதைப் பார்த்துவிட்டு, "மேல ரெண்டு நாள்தானே லூசி. அதை யாரு எண்ணிக்கிட்டு இருக்கப் போறா?" என்றார்.

"எண்ணுறதுக்குன்னே அங்க ஆள் உக்காந்திருக்காங்க பாஸ். நானும் எண்ணுறேன்ல?" என்றாள். பிறகு, "மோர்ட்டி நான் இல்லாட்டியும் பந்தயம் ஓடிருவான். என் பொண்ணுக்கு இந்த வருஷம் போனா திரும்பி வராது" என்றாள்.

பார்ட்லி தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். "சரி, டின்னி போகட்டும்" என்றார். அன்று பிற்பகல் முழுதும் அவள் மோர்ட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலையிலேயே தேய்த்து முடித்த குதிரை அது.

மெல்போர்னுக்குப் போன இரண்டாம் நாளே மோர்ட்டி தீனியைத் தொடவில்லை என்று டின்னி கூப்பிட்டார். அந்தக் குரலில் கேலி இல்லை. லூசிமாரா வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து அவருக்கு வழி சொன்னாள்.

"வாளியக் கொக்கியில மாட்டாத, தரையில வை. அவனுக்கு முதுகக் காட்டி நில்லு. நீ ஒரு ஆப்பிள் எடுத்துத் தின்னு, சத்தமா. அவனத் திரும்பிப் பாக்காத."

"இந்த வயசுல என்னைக் குதிரைக்கு முன்னால நாடகம் ஆட வெக்கிறியா?"

"பேசாம மெல்லு டின்னி."

தொலைபேசியில் மெல்லும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு வாளி தரையில் உரசும் சத்தம். அவள் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பந்தயத்தில் மோர்ட்டி ஐந்தாவதாக வந்தான். காலை உணவின்போது எல்லோரும் அதைத் திரையில் பார்த்தோம். பார்ட்லிக்கு வாயெல்லாம் பல். லூசிமாரா டின்னியிடம் கேட்டது ஒன்றுதான்: "காலு நாலும் நல்லா இருக்கா?"

டிசம்பரில் விண்ணப்பம் போனது. வெளியே இருந்த நாட்கள் அறுபத்தொன்று. அதன்பின் பதினான்கு மாதங்கள் காத்திருந்தோம். இடையில் இரண்டு முறை ஏதேதோ தாள்கள் கேட்டார்கள், அனுப்பினோம். தபால்காரர் வண்டி திரும்பும் சத்தம் கேட்டாலே எனக்கு வேலை ஓடாது. அவளோ அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டாள். கடைசியில் அந்தக் கடிதம் வந்தபோது கையில் மண்வாரியோடு நின்றிருந்தாள். என்னையே படிக்கச் சொன்னாள். படித்து முடித்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

கில்லார்னியில் நடந்த குடியுரிமை விழாவுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். ஜனாய்னாவுக்குப் பதினேழரை வயது. அவளுடைய விண்ணப்பம் நிரப்பப்பட்டு, சான்றிதழின் நகல் ஒன்றை வைப்பதற்காக மட்டும் காத்துக்கொண்டு, தாயின் கைப்பையில் இருந்தது. அன்றைக்குப் பள்ளியில் தேர்வு என்பதால் அவள் வரவில்லை. "பரிட்சைய விட்டுட்டு வந்தா குடியுரிமை குடுத்தவங்களே திட்டுவாங்க" என்று தாய் சொல்லிவிட்டாளாம்.

பெரிய மண்டபம். எண்ணற்ற முகங்கள், எத்தனையோ நாட்டு உடைகள். நடைவழிக்கு அந்தப் பக்கம் உறுதிமொழி எடுப்பவர்கள், இந்தப் பக்கம் உடன் வந்தவர்கள். ஓர இருக்கையில் லூசிமாரா, எதிரே ஓரத்தில் நான். கையை உயர்த்தி உறுதிமொழி சொன்னார்கள். அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. பிறகு எல்லோரும் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றோம். பாட்டு ஐரிஷ் மொழியில். எனக்கு முதல் இரண்டு வரி தெரியும். அதற்கு மேல் பள்ளிக்கூட நாளிலிருந்தே வாயை மட்டும் அசைத்துப் பழகியவள் நான். லூசிமாரா ஒரு சொல் விடாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் வரியில் அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை. பாடியபடியே, கையிலிருந்த பாட்டுத்தாளை நடைவழிக்குக் குறுக்கே என் பக்கமாக நீட்டி, அப்போது பாடிக்கொண்டிருந்த வரிக்குக் கீழே கட்டைவிரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.