சுத்தியலை ஒதுக்கி வைத்த பர்வீன்

பர்வீன் இறந்த செய்தி வந்தபோது நான் பெக்கான் நானாஸில், அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நின்றிருந்தேன். உருளைகள் பதித்த வளையமான பேரிங்கைச் சூடேற்றி, சுழலும் தண்டான ஷாஃப்டில் அப்போதுதான் ஏற்றியிருந்தோம். போனில் அவருடைய தம்பி ரபீக்.

"அண்ணே, அக்கா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துருங்க."

 உடனே கிளம்ப வழியில்லை. சூடான பேரிங் ஆறும்போது சுருங்கும். சுருங்குகையில், ஷாஃப்டில் அது ஒட்டி உட்கார வேண்டிய மேட்டு விளிம்பான தோளை விட்டுச் சற்றே விலகும். ஆறி முடியும்வரை நட்டை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் விட்டால் எல்லாம் வீண். எங்கள் பட்டறையில் வேலை செய்யும் செல்வம் என் முகத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன்.  அவர் ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தார். இருவரும் வேலையை முடித்தோம். அதன்பிறகுதான் மாசாய்க்கு வண்டியை எடுத்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்குத் தயாரான ஜனாஸா இன்னும் வீட்டில்தான் இருந்தது.

மாசாயில் எங்கள் பட்டறையை அறிந்தவர்களுக்கு பர்வீனை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பத்து பாகாட் என்ற ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவரின் மகள். கல்லாவில் உட்கார மனமில்லாமல் இயந்திரம் படிக்கப் போனவர். ஆனால் அவருடைய இடது கண் எப்படிப் போயிற்று என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அருகில் இருந்தவன் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் இருவரும் பாசிர் கூடாங் பக்கம் ஒரே தொழிற்சாலையில், பழுதுபார்க்கும் பிரிவில் இருந்தோம். ஒரு ஷாஃப்டில் பேரிங் சிக்கிக்கொண்டு வரவில்லை. மேற்பார்வையாளர் அவசரக்காரர். எங்களில் ஒருவரிடம் சுத்தியலால் அடித்து இறக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேரிங்கின் இரும்பு மிகக் கடினமானது. சுத்தியல் பட்டால் நசுங்காது, சில்லாகத் தெறிக்கும். அடிக்க வேண்டாம் என்று சொல்லத்தான் பர்வீன் அந்தப் பக்கம் வந்தார். சொல்லி முடிக்கும் முன் ஒரு சில்லு அவர் கண்ணில் பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். பார்வை திரும்பவில்லை.

நிர்வாகம் அவருக்கு ஸ்டோரில் உட்காரும் வேலை தருவதாகச் சொன்னது. அதைச் சொல்ல நான்தான் வீட்டுக்குப் போனேன். எனக்குத் தேநீர் ஊற்றினார். தேநீர் கோப்பைக்கு வெளியே மேசையில் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. அவர் மேசையைத் துடைத்தார். மறுபடி ஊற்றினார். இம்முறை ஒரு விரலைக் கோப்பையின் விளிம்பில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டோர்ல உக்காந்து நான் என்ன பண்ணப் போறேன், சந்திரன்? கண்ணு ஒன்னு போச்சு. கை ரெண்டும் இருக்கு லா."

விரலால் தொட்டு அளக்கும் அந்தப் பழக்கத்தை வேலைக்கும் கொண்டுவந்தார். பேரிங் தோளில் ஒட்டியிருக்கிறதா என்று மெல்லிய தகட்டைச் செருகிப் பார்ப்பார்; நகத்தாலும் ஒருமுறை சுற்றிப் பார்ப்பார். பேரிங்கைக் கழற்ற எண்ணெய் அழுத்தத்தில் இழுக்கும் புல்லர் கருவி வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் திரும்பத் திரும்பக் கேட்டார். கிடைக்கவில்லை. வேலையை விட்டார். மாசாயில் ஒரு சின்ன இடத்தைப் பிடித்துப் பட்டறை போட்டார். என்னையும் கூப்பிட்டார். நானும் போனேன்.

அவருடைய பிடிவாதத்தை முழுசாக நான் பார்த்தது பத்து பாகாட்டில், ஒரு துணி ஆலையில். துணிக்குச் சாயம் ஏற்றும் இயந்திரத்தின் பெரிய உருளை, பேரிங் பழுதாகி நின்றுபோயிருந்தது. அதன் ஷாஃப்டில் எதிரெதிராக இரண்டு பேரிங்குகள். உள்ளே மயிரிழை ஆட்டம்கூட இல்லாதபடி ஒரு நட்டு இரண்டையும் நெருக்கிப் பிடித்திருக்கும். பிரீலோடு என்பது அந்த நெருக்கத்தைத்தான். அது குறைந்தால் ஷாஃப்ட் ஆடும். கூடினால் பேரிங் சூடேறிக் கருகும். ஷாஃப்டில் கீறல் விழுந்தால் மாற்று ஷாஃப்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதுவரை அந்தப் பிரிவில் யாருக்கும் வேலை இல்லை. சாயப் பிரிவுப் பெண்கள் கதவருகே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் போனபோது ஆலையின் ஆள் ஒருவர் பேரிங்கைச் சுட்டுக் கழற்றக் கேஸ் விளக்கைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பர்வீன் நேராகப் போய் அதை அணைத்தார். முதலில் நட்டைத் தளர்த்தி நெருக்கத்தை விடுவித்தார். ஆனால் நட்டை முழுக்கக் கழற்றவில்லை. பேரிங் திடீரென்று வந்தால் தடுத்துப் பிடிக்க அது வேண்டும். புல்லரின் கொக்கிகளை உள்வளையத்தில் மாட்டினார். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் இழுக்கிற பலம் முழுக்கப் பேரிங்கினுள் இருக்கும் சிறு உருளைகள் வழியாகப் போகும், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். அழுத்தம் ஏற்றினோம். பேரிங் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டு நிறுத்தச் சொன்னார். ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார்.

மேனேஜர் லிம் வந்து இரண்டு அடி போட்டால் வந்துவிடும் என்றார். பர்வீன் எழுந்திருக்கவில்லை.

"பெலான் பெலான், மிஸ்டர் லிம். அது வரும்."

மெதுவாக, மெதுவாக என்கிற அந்த மலாய்ச் சொல்லை அவர் அதட்டுவதுபோலத்தான் சொல்வார். நெடுநேரம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. பேரிங் நகர்ந்து நட்டில் வந்து முட்டி நின்றது. ஷாஃப்டில் ஒரு கீறல் இல்லை.

புதியதைச் சூடேற்றி ஏற்றினோம். ஆறியதும், ஷாஃப்டைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினோம். சுற்றினால்தான் உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆலையின் ஆட்கள் சுவிட்சுப் பக்கம் போய்விட்டார்கள். பர்வீன் ஷாஃப்டில் கயிற்றைச் சுற்றி, வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தார். முகம் மாறியது. சுழற்றத் தேவைப்படும் பலம் அதிகமாக இருந்தது. நெருக்கம் கூடிவிட்டது என்று பொருள்.

"கழட்டுங்க" என்றார்.

லிம் கத்தினார். நானும் மெல்ல, இப்போதைக்கு ஓடட்டுமே, பிறகு வந்து பார்க்கலாம் என்றேன். பர்வீன் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார்.

"ஓடும். ஒரு வாரம் நல்லா ஓடும். அப்புறம் ஷாஃப்டோட சேந்து போகும். அப்ப அந்தப் பொண்ணுங்ககிட்ட நீங்க வந்து சொல்வீங்களா?"

கழற்றினோம். இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே இருந்த வளையத்தின் அளவில் பிழை இருந்தது. அதைச் சரிசெய்து மறுபடி பூட்டினோம். உருளை ஓடத் தொடங்கியபோது அதன் சத்தம் சீராக இருந்தது. பர்வீன் பேரிங்கின் கூட்டில் உள்ளங்கையை வைத்து, சூடேறவில்லை என்று உறுதியாகும்வரை அங்கிருந்து நகரவில்லை. அந்த உருளை இன்றும் ஓடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று பாசிர் கூடாங்கில் சுத்தியலால் அடித்தவர் செல்வம்தான். அந்த வேலையை விட்டபின் எங்கும் நிலைக்காமல் அலைந்து, கடைசியில் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார். எனக்குக் கோபம் வந்தது. பர்வீன் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். செல்வம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் பர்வீன் நிறுத்திவிட்டார்.

"சுத்தியலைத் தூக்குனது நீங்க. தூக்கச் சொன்னது வேற ஆளு. இங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு வாங்க."

பர்வீன் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்தில், எங்கள் எல்லோரையும்விட அதிகம் கூட்டிப்போய்க் கூட்டிவந்தவர் செல்வம்தான். ஊசி ஏறும் கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பர்வீன் மறு கையால் ஸ்பேனர் பிடிக்கப் பழகிக்கொண்டார். சிகிச்சை இல்லாத நாட்களில் பட்டறைக்கு வந்துவிடுவார். களைப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த சில நாளில் ரபீக் வந்து, பட்டறையை என்ன செய்யப் போகிறீர்கள் என்று தயங்கிக் கேட்டார். நடத்துவோம் என்றேன். அப்போதே போன் அடித்தது. கூலாயில் ஒரு கல்லுடைக்கும் ஆலை. பேரிங் சிக்கிக்கொண்டதாம், சாயங்காலத்துக்குள் அடித்தாவது எடுத்துக் கொடுக்க வேண்டுமாம்.

வாடிக்கையாளர் குரலை உயர்த்தினால் எந்தக் காலத்திலும் நான் இறங்கிப் போகிறவன். பர்வீனோடு இத்தனை வருஷம் இருந்து நான் பெற்றது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

"அடிக்க மாட்டோம்" என்றேன். "நேரம் எடுக்கும். சம்மதம்னா வர்றோம்."

  காத்திருந்தேன்.

"சரி, வாங்க" என்றார் ஆலைக்காரர்.