கயிற்றில் ஓர் ஆள் இடம்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு வருத்தமில்லை. நான் இராமநாதபுரத்தில் கயிற்றுக் கடை வைத்திருக்கிறவன். கதை கட்டிப் பிழைக்க வேண்டிய நிலைமை எனக்கு இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கையில் கயிறு புரள்கிறது. ஒரு கயிறு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் 1956 பிப்ரவரி 11, சனிக்கிழமை நான் பார்த்ததை இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று சொல்லித் திரிகிறார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் மனைவி உம்மு ஹபீபாவுக்கு ஒரே தம்பி. பெயர் முஹைதீன். இருபத்து நாலு வயது. ஒன்பது நாளில் அவனுக்கு நிக்காஹ். "கல்யாணத்துக்கு முன்னால ஆசதீரக் கடல்ல குளிச்சுப்புட்டு வருவோம் மச்சான்" என்று ஒரு வாரமாக நச்சரித்தான். எனக்கும் சபலம்தான். தங்கச்சிமடத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் சவேரியார் என்று ஒருவர் இருந்தார். என் கடையில் வலைக்கயிறு வாங்குகிறவர். வரும்போதெல்லாம், "ஒரு தடவ எங்க ஊரு நண்டு தின்னு பாருங்க ராவுத்தரே, அப்புறம் கறிக்கடைப் பக்கமே போகமாட்டீங்க" என்பார். நான் சாப்பாட்டுக்காக எவ்வளவு தூரமும் போகிறவன். கிளம்பிவிட்டோம்.

வாசலில் உம்மு ஹபீபா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, எந்தம்பி மாப்பிள்ளையாகப் போறவன். அவனுக்கு நீங்கதான் பொறுப்பு."

"ஒந்தம்பி என்ன பீங்கான் தட்டா? பத்திரமாக் கொண்டாந்து விடுறேன், போ" என்றேன். வாய்க்கொழுப்புதான்.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது முஹைதீன் வாசற்படியில் தொங்கிக்கொண்டு வந்தான். சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துத் திட்டினேன். தங்கச்சிமடத்தில் இறங்கும்போது காலை 9.40. சவேரியார் ஸ்டேஷனிலேயே நின்றார். ஊரைச் சுற்றிக் காட்டினார். அந்தத் தீவில் இரண்டு கடல். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்கிறார்கள். ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. தெற்கே ஆண்கடல். அலை அறைகிற சத்தம் பனங்காட்டுக்குள்ளேயே கேட்டது. முஹைதீன் கட்டுமரத்தின் உடைந்த கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஆண்கடலில் இறங்கினான். அதில் குப்புறப் படுத்து, அலையோடு கரைக்கு வழுக்கிக்கொண்டு வந்தான். திரும்பத் திரும்பப் போனான். வெளியே வரவைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

மதியம் சவேரியார் வீட்டில் அவர் மனைவி மிக்கேலம்மாள் பரிமாறினார். நண்டுக் குழம்பு, வறுத்த ஊளி மீன், தணலில் சுட்ட கணவாய். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். முஹைதீன், "மச்சான், இடுப்பு வாரக் கழட்டி வச்சிருங்க" என்று கிண்டல் பண்ணினான். மிக்கேலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

3.20. கரைவலை இழுக்க ஆரம்பித்தார்கள்.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வள்ளத்தில் போய்க் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வருவார்கள். வலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு நீளக் கயிறுகள் கரைக்கு வரும். கயிற்றுக்குப் பதினைந்து பேர். பாட்டுப் பாடிக்கொண்டே, குதிகாலை மணலில் ஊன்றி, பின்னுக்கு நடந்து இழுப்பார்கள். போகிற வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் கை கொடுக்கலாம். கை கொடுத்தவனுக்கு மீன் உண்டு. எல்லாக் கரையிலும் அதுதான் வழக்கம்.

சவேரியார் கிழக்குக் கயிற்றில் நின்றார். நான் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கயிற்றில் நாலாவது ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. நகர நகர அந்த இடமும் கூடவே நகர்ந்தது. ஒருவரும் அதில் வந்து நிற்கவில்லை.

"அங்கன ஏன் ஆளில்ல?" என்று கேட்டேன்.

சவேரியார் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அது ஆள் எடம்."

"எந்த ஆளு?"

அவர் பாட்டைச் சத்தமாகப் பாடினார்.

நான் கயிற்றையே பார்த்தேன். நனைந்த நார்க்கயிற்றைக் கை இறுக்கினால் தண்ணீர் பிழிந்து சொட்டும். பிடிக்காத இடத்தில் அப்படிச் சொட்டாது. ஆனால் அந்தக் காலி இடத்தில்... இரண்டு கை பிடிக்கிற தூரத்தில், இரண்டு இடத்தில் தண்ணீர் பிழிந்து சொட்டியது. ஒவ்வொரு இழுப்புக்கும் சொட்டியது.

கீழே மணலைப் பார்த்தேன். அங்கேயும் குதிகால் ஊன்றிய பள்ளங்கள் விழுந்துகொண்டே வந்தன.

எழுந்து நின்றேன்.

4.05. முஹைதீன் ஈரத் தலையோடு ஓடி வந்தான்.

"நானும் ஒரு கை போடுறேன் மச்சான்!"

"ஏலே, நில்லு!" என்றேன். அதற்குள் அவன் அந்தக் காலி இடத்தில் நுழைந்து கயிற்றைப் பிடித்துவிட்டான்.

பாட்டு நின்றது. இரண்டு கயிற்றிலும் நின்றது. முப்பது பேரும் அவனையே பார்த்தார்கள்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தூரத்திலிருந்து கத்தினார். "ஏலே! கைய எடு! கைய எடுறா!"

முஹைதீன் சிரித்தான். கையை எடுக்கப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"வரல மச்சான்... கை வரல..."

பளார்!

அடி அவனுக்கு இல்லை. அவனுக்குப் பின்னால் நின்ற ஆளுக்கு. அவன் பெயர் சிலுவைமுத்து என்று பிறகு தெரிந்தது. முகம் ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது. காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அவன் முன்னால் கயிற்றில் கை ஒட்டிப்போன முஹைதீனைத் தவிர யாருமே இல்லை.

"வேணாம்..." என்றான் சிலுவைமுத்து. காற்றைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "வேணாம் சின்னக்கருப்பா... தெரியாமச் செஞ்சுட்டோம்..."

வயிற்றில் ஒரு குத்து. அவன் இரண்டாக மடிந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. வலது கை தானாகப் பின்னுக்கு வளைந்தது. இன்னும் வளைந்தது... மளுக்! அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

ஆட்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள். கயிறு கடலை நோக்கிப் போனது. முஹைதீனையும் இழுத்துக்கொண்டு போனது. காலையில் அறைந்த அலை அப்போது ஓய்ந்திருந்தது. எந்தக் கயிறும் அப்படிப் போகாது.

பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தேன். முழங்கால் அளவு தண்ணீர். இடுப்பு அளவு. அவன் விரல்களைப் பிரித்தேன். ஒன்றுகூட அசையவில்லை. பல்லால் கடித்தேன். ரத்தம் வந்தது. விரல் வரவில்லை.

"அக்காட்ட சொல்லாதீங்க மச்சான்..." என்று அழுதான்.

பக்கத்தில் சிலுவைமுத்துவும் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தான். தலைமுடி கொத்தாக மேலே நின்றது. யாரோ முடியைப் பிடித்து இழுக்கிற மாதிரி. முகம் தண்ணீருக்குள் போனது. வெளியே வந்தது. மறுபடி போனது.

கால்கள் உதைத்தன.

தண்ணீர் சிவந்தது.

உதைப்பது நின்றது...

அந்த நொடியில் முஹைதீனின் பத்து விரல்களும் திறந்தன.

என் கைக்கடிகாரம் தண்ணீர் புகுந்து 4.17-இல் நின்றிருந்தது.

சிலுவைமுத்து கயிறு சுற்றிச் செத்தான் என்று ஊரே ஒரே வாயாகச் சொன்னது. நாங்கள் அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டோம். உம்மு ஹபீபாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி விரலில் கட்டு எதற்கு என்று கேட்டாள். நண்டு கடித்தது என்றேன்.

எட்டாம் நாள், பிப்ரவரி 19. காலை 11 மணிக்கு சவேரியார் என் கடைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ராவுத்தரே, ஒங்ககிட்ட மறைக்கக்கூடாது" என்று ஆரம்பித்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் மழை பொய்த்தபோது சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து சின்னக்கருப்பன் என்று ஒருவன் கயிறு இழுக்க வந்தானாம். ஒருநாள் வலை காணாமல் போனது. அசலூர்க்காரன் மேல் பழி விழுந்தது.

"நாலு பேரு சேர்ந்து அடிச்சோம். அப்பயும் இல்ல இல்லன்னான். கையக் கயித்து நுனியில கட்டி, வள்ளத்துல இழுத்துக்கிட்டுப் போனோம். கைய மட்டும் அவுத்து விடுங்கன்னு கத்திக்கிட்டே வந்தான். மறுநா வலை கெடச்சுது. காத்துல பெரண்டு தாழம்புதருக்குள்ள கெடந்துச்சு."

"நாலு பேருல நீங்களும் உண்டா?"

"உண்டு. சிலுவைமுத்து, நான், சம்மாட்டி, இன்னொருத்தன்."

அதற்குப் பிறகு கயிற்றில் அவன் இடத்தை விட்டால்தான் வலை கரைக்கு வருமாம். விட்டார்கள். அவனும் ஏழு வருஷம் இழுத்தான்.

"கையில கயிறு இருக்கிற வரைக்கும் அவன் ஆரையும் தொட்டதில்ல. ஒங்க மாப்ள அவன் எடத்தப் புடிச்சுட்டாரு. இப்ப அவன் கை சும்மா இருக்கு ராவுத்தரே."

அவர் இன்னும் நெருங்கி வந்தார்.

"எடத்தப் புடிச்சவருதான் திருப்பிக் குடுக்க முடியும். ஒரே ஒரு தடவ வந்து கயித்தப் புடிச்சு, இந்தா ஒன் எடம்னு சொல்லி விட்டாப் போதும். நான் கால்ல விழுறேன்."

"நாளைக்கு அவனுக்கு நிக்காஹ். எங்க வீட்டுப் புள்ளைய அங்கன அனுப்பமாட்டேன்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கொன்னது நீங்க. நீங்களே அனுபவிங்க" என்றும் சொன்னேன்.

அவர் இறங்கிப் போனார். அவரைக் காப்பாற்ற ஒரு வழி இருந்தது. அதை அடைத்தவன் நான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 20. காலை 11.15. நிக்காஹ் மஜ்லிஸ் கூடியிருந்தது. பெண்ணைப் பெற்ற அத்தா முஹைதீனின் கையைப் பிடிக்கக் கை நீட்டினார். முஹைதீன் இரண்டு கையையும் மடியில் முஷ்டியாக மூடி வைத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "மாப்பிள்ளைக்கு நடுக்கம்" என்று யாரோ சிரித்தார்கள். நான் குனிந்து அவன் விரலைத் தொட்டேன். கயிற்றில் இருந்த அதே இறுக்கம்.

ஏழு நிமிஷம் அப்படியே இருந்தான். 11.22-க்குக் கை திறந்தது. நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது.

நாலு நாள் கழித்துச் செய்தி வந்தது. சவேரியார் இறந்துவிட்டார். இருபதாம் தேதி காலை பதினொன்றேகால் தாண்டி. பெண்கடலில், முழங்கால் அளவுத் தண்ணீரில் வலை அலசிக்கொண்டிருந்தாராம். மிக்கேலம்மாள் கரையில் நின்று பார்த்திருக்கிறார். அவர் முகம் தண்ணீருக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்ததாம். பக்கத்தில் யாருமே இல்லையாம்.

"நான் போயி எடத்தக் குடுத்துட்டு வாரேன் மச்சான்" என்றான் முஹைதீன். அதற்குள் அந்தக் கரையில் வலை இழுப்பதே நின்றுவிட்டது. வலையைக் கொளுத்திவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கக் கயிறு இல்லை.

1958-இல் ஒருநாள் விடியற்காலை 5.30-க்கு அவன் கைகள் மூடின. ஐந்து நிமிஷம். அதே நேரத்தில் அங்கே சம்மாட்டி போனார். 1959-இல் மறுபடி மூடின. ஒன்பது நிமிஷம். அந்த இன்னொருவனும் போனான். நாலு பேர் கணக்கு முடிந்தது என்று ஆடு அறுத்து ஏழைகளுக்குக் கொடுத்தேன். இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

இது 1961. போன வெள்ளிக்கிழமை, ஜூன் 2. முஹைதீன் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மணி 2.10. சோற்றில் வைத்த கை அப்படியே மூடிக்கொண்டது. இடது கையும் மூடியது.

ஐந்தாவது முறை. அடித்தவர்கள் நாலே பேர்.

அன்றைக்கே மிக்கேலம்மாளுக்குக் கார்டு போட்டேன். ஊரில் யாராவது இறந்தார்களா என்று கேட்டிருந்தேன். இன்று பதில் வந்தது. யாரையோ வைத்து எழுதியிருக்கிறார். இரண்டே வரி.

"இங்கன யாரும் சாகல. அங்கன எல்லாரும் சொகந்தானே ராவுத்தரே?"

முஹைதீனின் மனைவி சல்மா உள்ளே அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

இன்றோடு நாலு நாள்... கைகள் இன்னும் திறக்கவில்லை.