கரிசலுக்கு மட்கார்டு ஆகாது

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் குட்டியானையில் ஊர்வலம் வந்தேன். லோடு ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டியைத்தான் சொல்கிறேன். பின்பக்கம் என் சைக்கிள், அதைப் பிடித்துக்கொண்டு நான். முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், யார் வீட்டுப் பொம்பளையோ என்கிற மாதிரி நேரே ரோட்டைப் பார்த்தபடி. எங்கள் தெருமுனைக் காய்கறிக்காரர் தராசை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்.

முழங்காலில் சிராய்ப்பு. இடது பிரேக் லீவர் பாதியைக் காணோம். சுடிதார் என்ன நிறம் என்று நானே சொன்னால்தான் தெரியும்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — ஐம்பத்து மூன்று வயதில் மவுண்டன் பைக் வாங்கியவள் நான். எழுதிக் கிடைத்த காசில், யாரிடமும் கேட்காமல். அதிலிருந்து கோவில்பட்டியில் எனக்கு இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. ஒன்று, ‘இங்கன மலை எங்க இருக்கு?’ இரண்டாவது, ‘சுகரா?’

சுகர் இல்லை என்றால் ‘பிரஷரா?’ என்பார்கள். அதுவும் இல்லை என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். வியாதி ஒன்றும் இல்லாத பொம்பளை எதற்காக சைக்கிள் மிதிக்க வேண்டும்? நியாயமான சந்தேகம்தான்... அவர்களைப் பொறுத்தவரை.

சரி, குட்டியானை விஷயத்துக்கு வருகிறேன். பெங்களூரில் வேலை பார்க்கிற என் மகன் கார்த்திக்குக்கு அம்மாமேல் பாசம் அதிகம். பாசம் அதிகமானால் பார்சல் வரும். முழு நீள மட்கார்டு இரண்டு, இருப்பதிலேயே அகலமான டயர் ஒரு ஜோடி, மெத்தை மாதிரி ஜெல் வைத்த சீட். வீடியோ காலில் அவன் சொல்லச் சொல்ல, எங்கள் ஊர் சைக்கிள் கடை மாரியப்பன் எல்லாவற்றையும் மாட்டினார். மாட்டி முடித்தபோது வண்டி சீர்வரிசை மாதிரி ஜோராகத்தான் இருந்தது.

ஐப்பசி மழை ஒன்று பெய்து ஓய்ந்திருந்த காலை அது. ரோட்டை விட்டு இறங்கி, உளுந்துக் காட்டு வண்டிப்பாதையில் நூறு அடிகூடப் போயிருக்க மாட்டேன். டயரில் ஒட்டிய மண் மட்கார்டுக்குள் போய் அடைந்தது. அடைந்த மண்மேல் இன்னும் மண். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. நான் விடுவேனா? இன்னும் அழுத்தி மிதித்தேன். முன்சக்கரம் சுத்தமாக நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

எழுந்து, இவருக்கு போன் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, களையெடுக்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள். அப்புறம் வண்டியைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பெரிதாக முயற்சி எடுக்கவில்லை.

“கரிசக்காட்டுல மட்காடு மாட்டிக்கிட்டு யாராச்சும் வருவாங்களாக்கா? மழ விழுந்ததும் எங்க வீட்டுல மொதல்ல கழத்தி வைக்கது அதத்தான்.”

சொல்லிவிட்டு, கையிலிருந்த களைக்கொத்தியாலேயே மட்கார்டுக்குள் இருந்த மண்ணைப் பெயர்த்துப் போட்டாள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஒரு சட்டி மண் இருந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது எனக்கு. கரிசல் மண்ணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். மேடை ஏறியும் பேசியிருக்கிறேன். ஆனால் அப்பா தீப்பெட்டிக் கம்பெனிக்காரர், வீடு ஊருக்குள். என் காலில் கரிசல் ஒட்டியதைவிடப் பேனாவில் ஒட்டியதுதான் அதிகம். சேறு தெறிக்கக் கூடாது என்று மட்கார்டு மாட்டுவது வேறு ஊர் நியாயம். இங்கே சேறு தெறிக்காது. ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அன்றைக்குச் சாயங்காலமே தீர்ப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்துகிற ஆளும் இல்லை. காபி குடித்துக்கொண்டே சொன்னார். கயத்தாறில் இருக்கிற அவருடைய அக்கா வீட்டுக்காரருக்குச் சுகர் ஏறிவிட்டதாம். டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லியிருக்கிறாராம். வண்டியைக் கொடுத்துவிடுவதாக இவர் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

“அவியளுக்காவது ஒரு தேவை இருக்கு. உனக்கு வெறும் ஆசதான.”

வெறும் ஆசை. அந்த ‘வெறும்’ இருக்கிறதே... அது முழங்கால் காயத்தைவிட அதிகமாக எரிந்தது. முப்பது வருஷமாக இந்த வீட்டில் நான் செய்ததெல்லாம் தேவைக்குத்தான். சமைத்தது, பிள்ளை வளர்த்தது, மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது, எல்லாமே. ஆசைக்கு என்று செய்தது இது ஒன்று. அதைத் தூக்கிக் கொடுக்க இவருக்கு ஒரு போன் கால் போதுமாக இருந்தது.

நான் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். கடைசியில் இவர் ஒரு பந்தயத்துக்கு இறங்கி வந்தார். நாகலாபுரத்தில் என் தோழி வீடு இருக்கிறது. அங்கே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள். யாரையும் வண்டி கொண்டு வரச் சொல்லக் கூடாது. அப்படிப் போய்வந்துவிட்டால் சைக்கிள் என்னுடையது, இவர் வாயே திறக்க மாட்டார். போன் போட்டேனென்றால், கயத்தாறு. நான் சரி என்றேன். தார் ரோட்டிலேயே போய்வந்துவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் நான் விழுந்த வண்டிப்பாதையும் நாகலாபுரம் பக்கம்தான் போகிறது; அதை விட்டு விலகிப் போனால் ஜெயித்த மாதிரியா?

மறுநாள் காலை மாரியப்பன் கடையில் நின்றேன். இந்த முறை வீடியோ கால் கிடையாது.

முதலில் உடைந்த பிரேக் லீவரை மாற்றி, இரண்டு மட்கார்டையும் கழற்றச் சொன்னேன். அப்புறம் டயர். மகன் அனுப்பியது 2.35 இஞ்ச் அகலம். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் ஒரு பேப்பர் நுழையும், அவ்வளவுதான் இடம். அங்கே என் ஆள்காட்டி விரல் போய்வர வேண்டும் என்றேன். 1.95 கேட்டேன். ரப்பர் கொண்டைகள் நெருக்கமாக இல்லாமல் தள்ளித் தள்ளி இருக்கிற டயர் — நடுவில் மாட்டுகிற மண் தானாகவே உதிர வேண்டும்.

மாரியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. ஊரே அகலமாகக் கேட்கும்போது நான் ஒல்லியாகக் கேட்கிறேன் என்றார். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்குமே, அந்த வெடிப்பில் ஒல்லி டயர் இறங்கிவிடுமே என்றார். சரியான பேச்சு. அதற்காகத்தான் அகல டயரைத் தூக்கிப் போடவில்லை, வீட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். சித்திரையில் அது, ஐப்பசியில் இது. வெள்ளாமைக்குப் பட்டம் பார்க்கிற ஊரில் டயருக்குப் பட்டம் பார்த்தால் என்ன தப்பு?

சீட்டு விஷயம் கொஞ்சம் சங்கடம். ஜெல் சீட் கையால் அமுக்கிப் பார்க்க சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகும். உட்காரும்போது பாரம் இரண்டு எலும்பில் இறங்குகிறது, அந்த எலும்புகளின் அகலத்துக்கு சீட் வேண்டும் — கெட்டியாக இருந்தால் போதும், மெத்தை வேண்டாம். அளவெடுக்க, மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுந்து, பதிந்த பள்ளங்களை ஸ்கேல் வைத்துப் பார்த்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். மாரியப்பனிடம் இதை விளக்கியபோது அவர் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். லேடீஸ் சீட் ஒன்று தனியாக இருக்கிறது, பூப்போட்டது, வேண்டுமா என்றார். வேண்டாம், நான் அளந்த அகலத்தில் கெட்டியான ஒன்று போதும் என்றேன். முன்னால் கூடை? வேண்டாம். ஸ்டாண்டு? வேண்டவே வேண்டாம், ஈர மண்ணில் அது உள்ளே இறங்கி வண்டி சாய்ந்துவிடும்.

ஒரே ஒரு விஷயத்தில் மாரியப்பன் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்டேன். பழைய டியூபை நீளமாகக் கிழித்து, டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் பட்டையாக வைத்துக் கொடுத்தார். சீமைக்கருவேல முள்ளுக்கு இதைவிட மருந்து கிடையாதாம். கார்த்திக்குக்குத் தெரிந்தபோது வெயிட் கூடும் என்று குறைப்பட்டான். கூடட்டுமே... மிதிக்கப்போவது என் கால்தானே.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கிளம்பினேன். இரண்டு தண்ணீர் பாட்டில், பம்பு, ஸ்பேனர், கையடக்கமாக ஒரு களைக்கொத்தி. விழுந்த இடத்தில் பாதை காய்ந்திருந்தது, மரியாதையாக விட்டது. வழியில் முள் மூன்று ஏறியது. மூன்றையும் பிடுங்கிப் போட்டேன், காற்று இறங்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாகலாபுரம் போய்ச் சேர்ந்தபோது என் தோழி வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, பஸ் கிடைக்கவில்லையா என்பது.

அன்றைக்கு இரவு மழை பெய்தது. தூங்காமல் ஓட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்?

சனிக்கிழமை திரும்பும் வழியில் கரிசல் தன் வேலையைக் காட்டியது. டயரில் மண் ஏறியது. ஆனால் விரல் நுழைகிற அந்தச் சந்து இருந்தது பாருங்கள், அது வழியாகப் பிதுங்கி விழுந்தது. சக்கரம் சுற்றியது. ரொம்பச் சேறான இடத்தில் இறங்கி, பாதையோரப் புல்லின்மேல் தள்ளினேன். நாலு தடவை நின்று களைக்கொத்தியால் சுரண்டினேன். பாதி வழியில் கியர் மாற்றுகிற கம்பி மண் அடைத்து மக்கர் செய்தது. வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டது. அதுவும் கனமான கியர். முழங்கால் கெஞ்ச ஆரம்பித்தது.

எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பாதை தார் ரோட்டில் ஏறுகிறது. ஏறிப் பார்த்தால் — வேப்பமரத்தடியில் குட்டியானை. அதே குட்டியானை. பக்கத்தில் டீ கிளாஸோடு என் வீட்டுக்காரர்.

காலையிலிருந்து காத்திருக்கிறாராம். என் முழங்காலைப் பார்த்தார், நான் மிதிக்கிற விதத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நீ கூப்பிடலைலா. நானாத்தான வந்தேன். ஏறிக்கோ, யாருக்குத் தெரியப்போவுது?”

சத்தியமாகச் சொல்கிறேன், ஏறிவிடலாம் என்றிருந்தது. அந்த மனுஷன் காலையிலிருந்து காத்து நின்றதும் என்னவோ செய்தது. ஆனால் ஏறினால், வாழ்நாள் முழுக்க எனக்குத் தெரியுமே.

“வண்டி ஓடுதுல்லா,” என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு மிதித்தேன்.

அப்புறம் வீடு வரைக்கும், நான் முன்னால், காலிக் குட்டியானை பின்னால். ஒரு இடத்தில்கூட ஹாரன் அடிக்கவில்லை. மறுபடியும் ஊர்வலம்தான்... ஆனால் இந்த முறை காய்கறிக்காரரைப் பார்த்துக் கை காட்டியது நான்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கயத்தாறு அண்ணாச்சி பதினொரு மணி பஸ்ஸில் வந்து இறங்கினார். வண்டியை ஏற்றிப் போக ஆள்கூடச் சொல்லி வைத்திருந்தார். வாக்குக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர்தான், பந்தயம் கட்டியதும் அவர்தான். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, “அவட்டயே கேட்டுக்கிடுங்க அத்தான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணாச்சி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேரே முற்றத்துக்குப் போய், ஹேண்டில்பாரைப் பிடித்து, காலைத் தூக்கிப் போட்டு ஏறப் பார்த்தார். இந்தப் பக்கமும் கால் எட்டவில்லை, அந்தப் பக்கமும் எட்டவில்லை. ஒரு காலில் நொண்டியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“சீட்ட கொஞ்சம் எறக்கிக் குடும்மா.”

பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் அதில் படிந்து முழங்கால் நேராக நிற்க வேண்டும். அதற்காக நாலு நாள், நாலு உயரம் வைத்துப் பார்த்து, கடைசியில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டிருக்கிறேன் அந்தக் கம்பியில்.

“எறக்க முடியாது அண்ணாச்சி. அது என் காலுக்கு வச்ச உயரம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். உள்ளே, என் வீட்டுக்காரர் இருந்த பக்கம் பார்த்தார். இவர் வாயே திறக்கவில்லை, சொன்ன சொல் தவறாத மனுஷன். டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று அண்ணாச்சி முனகினார். அவருக்கு ஒன்று வாங்குவதாக இருந்தால் நானே கூட வந்து, பார்த்துப் பொறுக்கி, அவர் காலுக்கு மாட்டித் தருகிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சாப்பாடு போட்டேன், பாயசத்துக்குப் பதில் மோர் ஊற்றினேன், தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பினேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறுக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்?