வெள்ளரிப்பிஞ்சும் என் கைகளும்

போன வருஷம் கோடை தொடங்கிய நேரம், சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்க்கிறேன். மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது இல்லை பிள்ளைகளே, பட்டாசுக்குள் இருக்கிற பொடியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கொஞ்சம் வெள்ளி நிறம் மிச்சமிருக்கும்.

வேலை முடிந்து வரும்போது பஸ் ஸ்டாண்டில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி வருவேன். அதைக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகளுக்குக் கொடுப்பேன். அவளுக்குச் சோறும் நான்தான் ஊட்ட வேண்டும். ஒருநாள் வெள்ளரியைக் கடித்தவள், "அப்பா, வாயெல்லாம் அரிக்கிது" என்று நாக்கைச் சுரண்டினாள்.

"பொடி கூடிருச்சு போல. தண்ணியக் குடி தாயி" என்றேன்.

மறுநாள் பொடி போடாமல் கொடுத்தேன். அப்போதும் அரித்தது. ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை, அவளுக்கு அரிப்பும் இல்லை. திங்கட்கிழமை மறுபடி வந்துவிட்டது. நான் என் நகத்தைப் பார்த்தேன். கம்பெனி மருந்துதான் என் கை வழியாகப் பிள்ளை வாய்க்குள் போகிறது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளரி வாங்குவதில்லை என்பது புத்தியில் படவே இல்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஊட்டவில்லை, தூக்கவில்லை, வெள்ளரியும் வாங்கி வரவில்லை. காரணத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. என் கை என் பிள்ளைக்கு ஆகாது என்று எந்த வாயால் சொல்வது?

"நான் என்ன சேட்டை பண்ணேன்? ஏன் தூக்க மாட்டேங்கீக?" என்று கேட்டாள்.

"மேலெல்லாம் தூசி தாயி."

"குளிச்சிட்டுத்தான வந்தீக?"

வேலையை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான்.

பதினைந்து நாள் போனது. பிள்ளை ஏங்குகிறாளே என்று என் மனைவியே வெள்ளரி வாங்கி, கழுவி, நறுக்கிக் கொடுத்தாள். என் கை படவே இல்லை. ஆனாலும் பிள்ளையின் உதடு லேசாக வீங்கிவிட்டது. உடனே டாக்டரம்மாவிடம் ஓடினோம். அங்கே வைத்துத்தான் என் சந்தேகத்தைச் சொன்னேன்.

மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்குத்தான் புள்ளைய ஒதுக்கி வச்சீகளா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

பிள்ளைக்குத் தும்மலும் கண் அரிப்பும் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். உண்டு, சீமைக்கருவேலம் பூத்ததிலிருந்தே என்றோம். அப்போதுதான் விளங்கவைத்தார். சில பிள்ளைகளுக்குப் பூவின் மகரந்தத்தூள் ஒத்துக்கொள்ளாது. அந்தத் தூளில் இருக்கிற ஒரு பொருளைப் போலவே பச்சை வெள்ளரியிலும் சில பழங்களிலும் இருக்கிறது. வாய் அதைத் தூள் என்று நினைத்து அரிக்கிறது. வேகவைத்தால் அந்தப் பொருள் சிதைந்துவிடுவதால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காதாம்.

பிறகு மகளிடம், "அப்பா சோறு ஊட்டினப்போ அரிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்லையே. வெள்ளரி மட்டுந்தான்."

"இத ஏன் தாயி அப்பாட்ட சொல்லல?" என்றேன் நான்.

"நீங்க கேக்கவே இல்லையே!"

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "அதுக்காகக் கை கழுவுறத விட்டுராதீங்க" என்றார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். எனக்குத்தான் கண்ணெல்லாம் கலங்கிக்கொண்டே வந்தது.

பிள்ளைகளே, எதைத் தின்றாலும் வாய் அரித்தால் உடனே வீட்டில் சொல்லுங்கள். மூச்சு முட்டினாலோ தொண்டை இறுகினாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதினைந்து நாள் என் மகள் எதிரிலேயே நின்றும், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கைகளுக்கு நானே தண்டனை கொடுத்தேன். அதில் பாதித் தண்டனையை அவளும் அனுபவித்தாள் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.